மூன்று கால் சேவல்: உடம்பைக் காக்கும் படங்களை வீட்டில் எங்கே, எப்படி ஒட்டுவது?

எங்கள் அப்பத்தாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, ரத்தக்கொதிப்புக்கு ஒரு மாத்திரை. இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். ஒரு நாள் ராத்திரிக்குரியதையும் காலையிலேயே சேர்த்துப் போட்டுக்கொண்டு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டார். போன இடத்தில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, ஒரு சம்பங்கிக் கூடை மேலேயே சாய்ந்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் என் மகள் அட்டையில் ஒரு சேவல் வரைந்து காலை மாத்திரை டப்பாவில் ஒட்டினாள். அவள் அப்போது இரண்டாம் வகுப்பு. சேவலுக்கு மூன்று கால். "ஏத்தா, இதென்ன காலு மூணு இருக்கு?" என்று அப்பத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு அவர் டப்பாவை மாற்றி எடுத்ததே இல்லை. "மூணுகால் சேவலை முழுங்கிட்டேன்" என்றால் காலை மாத்திரை ஆயிற்று என்று எங்கள் வீட்டில் அர்த்தம்.

ஆஸ்பத்திரிச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் படங்களை நாம் யாரும் பார்ப்பதில்லை, டோக்கன் நம்பரைத்தான் பார்க்கிறோம். அதே படம் கை போகிற இடத்தில், கை போகிற நேரத்தில் கண்ணில் பட்டால் கதையே வேறு. நான் செய்து பார்த்தவை, தெரிந்தவர்கள் செய்தவை, படித்தவை எல்லாம் கலந்து கீழே.

1. மாத்திரை டப்பா மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலைக்குச் சேவல், மதியத்துக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை. சாப்பாட்டுக்கு முன் என்றால் வெறும் தட்டு, பின் என்றால் சோறு குவித்த தட்டு. படத்தை டப்பாவில் ஒட்டுங்கள், மாத்திரை அட்டையில் ஒட்டாதீர்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் பல பெரியவர்களுக்கு வீடு தேடி வருகின்றன. ஒவ்வொரு தடவையும் அட்டையின் நிறமும் மாத்திரையின் வடிவமும் ஒன்றுபோல இருக்கும் என்று சொல்ல முடியாது. புதிது வந்ததும் பெயரையும் மில்லிகிராமையும் பழைய சீட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு டப்பாவுக்குள் போடுங்கள். மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து மொத்தமாகக் கொட்டி வைக்கவும் வேண்டாம். பெயரும் காலாவதித் தேதியும் குப்பைக்குப் போய்விடும்.

2. ஒட்டுவதற்கு முன் யாருக்காக ஒட்டுகிறீர்களோ அவரிடமே "இது என்ன?" என்று கேளுங்கள். பதிலை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். காலைக்கு நான் முதலில் வரைந்தது சூரியனைத்தான். அப்பத்தாவோ "உச்சி வெயில்" என்றார். அப்படியே ஒட்டியிருந்தால் காலை மாத்திரை மதியம் போயிருக்கும்.

சுகாதாரக் கல்வி வகுப்புகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. கொசுவைப் பெரிதாக்கித் திரையில் காட்டி, மலேரியாவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார்களாம். கடைசியில் ஊர்ப் பெரியவர் எழுந்து, "நல்லவேளை, எங்க ஊருல இவ்வளவு பெரிய கொசு கிடையாது" என்றாராம். சிரிக்க மட்டும் சொல்லும் கதை இல்லை இது. நம் நாட்டில் புகையிலைப் பொருட்களில் எச்சரிக்கைப் படம் கட்டாயமானது 2009 மே 31-ல். அப்போது மெல்லும் புகையிலைப் பாக்கெட்டில் போட்ட படம் என்ன தெரியுமா? ஒரு தேள். தேளைப் பார்த்தால் விஷம் என்று நினைப்பார்கள் என்பது கணக்கு. நம் ஊர்க்காரருக்குத் தேள் என்றால் விருச்சிக ராசி, இல்லையென்றால் பட்டாசுக்கட்டு மாதிரி ஏதோ ஒரு மார்க். வாய்ப்புற்றுநோய் யாருக்கு நினைவுக்கு வரும்?

3. ஓவியம் வராது என்று சாக்குச் சொல்ல வேண்டாம். எளிய படம்தான் நிற்கும். தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 1960-களில் தீப் தியாகி உருவாக்கிய குடும்பநல அடையாளம் அது. சுண்ணாம்புச் சுவரும் காவிக்கட்டியும் இருந்தால் எந்த ஊர்ப் பெயின்டரும் வரைந்துவிடலாம், அதனால்தான் அது பட்டிதொட்டியெல்லாம் போய்ச் சேர்ந்தது.

நம் மாவட்டத்துக்கு இதில் சொந்தம் உண்டு. டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்தில், 1964 முதல் ஊரக சுகாதாரம், குடும்பநலத்துக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. மக்களிடம் உடல்நலச் சேதியை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதையே பாடமாக வைத்துச் சொல்லித்தருகிறார்கள். மதுரை ரோட்டில் சின்னாளபட்டியைத் தாண்டும்போது பஸ்ஸிலிருந்தே வளாகத்தைப் பார்க்கலாம்.

4. கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரை மாவில் பாதம் வரைவோமே, அதை ஒரு தடவை கழிப்பறைக் கதவிலிருந்து சோப்பு வைத்திருக்கும் குழாயடி வரை வரைந்து பாருங்கள். நான் இந்த யோசனையை எடுத்தது பங்களாதேஷிலிருந்து. அங்கே இரண்டு கிராமப்புறப் பள்ளிகளில் கழிப்பறையிலிருந்து கை கழுவும் இடத்துக்குப் பளிச்சென்று ஒரு பாதை போட்டு, அதில் காலடிகளையும், கழுவும் இடத்தில் கைகளின் அச்சையும் வரைந்தார்கள். பாடம் எடுக்கவில்லை, மிரட்டவில்லை. அதற்கு முன் கழிப்பறை போய்வந்து சோப்புப் போட்டவர்கள் 100-க்கு 4 பிள்ளைகள். வரைந்து முடித்த மறுநாள் 68. ஆறு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் 74.

வீட்டில் செய்யும்போது சில விஷயங்கள். அரிசி மாவு வேண்டாம், எறும்பு வரும், ஈரத்தில் வழுக்கும். கொஞ்சம் எனாமல் பெயின்ட் போதும். பிள்ளையின் காலையே அட்டையில் வைத்துச் சுற்றி வரைந்து, வெட்டி, அதை அச்சாக வைத்துப் பூசுங்கள். தன் கால் என்று தெரிந்தால் அதன்மேலேயே மிதித்துக்கொண்டு போகும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பாதம் குழாய் வரை போகிறது, குழாயில் சோப்பு இல்லை! சோப்பை ஒரு பழைய நைலான் வலைப்பையில் போட்டு, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்ட பிறகு பெயின்ட் டப்பாவைத் திறங்கள்.

5. "கை கழுவிட்டேன்" என்று பொய் சொல்லும் பிள்ளைக்கு: இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்து, இரு கையிலும் தேய்த்துவிடுங்கள். வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். பழைய வெள்ளைத் துணியில் துடைத்தால் நகக்கண்ணிலும் விரல் இடுக்கிலும் மஞ்சள் நிற்பது தெரியும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி மறுபடி துடையுங்கள். கிருமி கண்ணுக்குத் தெரியாது என்று நூறு தடவை சொல்வதை இந்தத் துணி ஒரே தடவையில் சொல்லிவிடும். நல்ல துண்டை எடுத்துவிடாதீர்கள், கறை போகாது.

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் 14 கிராமங்களை எடுத்துக்கொண்டு ஒரு ஆய்வு நடந்தது. அதில் பாதிக் கிராமங்களில், தன் பிள்ளையை ஒழுங்காக வளர்க்கும் கெட்டிக்கார அம்மா ஒருத்தியைக் கதாபாத்திரமாக்கிப் படமும் நாடகமும் போட்டார்கள். நோய், கிருமி என்ற பேச்சையே பெரிதாக எடுக்கவில்லை. அருவருப்பும் தாய்ப்பாசமும் மட்டும்தான் சரக்கு. கை கழுவுவது அங்கே நன்றாகவே கூடியது. நாம் மட்டும் இன்னும் பள்ளிக்கூடச் சுவரில் பச்சை நிறக் கிருமிக்குக் கொம்பு வைத்து வரைந்துகொண்டிருக்கிறோம்.

6. தண்ணீர் டிரம். திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆத்தூர் காமராஜர் அணையில் தண்ணீர் குறைந்தால் நம் வீட்டில் டிரம் எண்ணிக்கை கூடும். டெங்கு கொசுவுக்கு வேண்டியது அதுதான்: நல்ல தண்ணீர், நிழல், ஒரு வாரம். முட்டை டிரம்மின் உள்சுவரில் நீர்மட்டத்தை ஒட்டி இருக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் சாகாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த தடவை தண்ணீர் ஏறும்போது பொரிக்கும். அதனால் கவிழ்த்தால் போதாது, தேங்காய் நாரோ பிரஷ்ஷோ போட்டுத் தேய்க்க வேண்டும்.

தினசரிக் காலண்டரில் வாராவாரம் ஒரே கிழமைக்கு ஒரு பிரஷ் படம் வரைந்துவிடுங்கள். தாளைக் கிழிக்கும்போது கண்ணில் படும். கொசுவின் படம் ஒட்ட வேண்டாம், பெரிய கொசுக் கதைதான் ஆகும். அதற்குப் பதில் டிரம்மிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். தலைகீழாகத் தொங்கி நெளிகிற புழுவை ஒரு தடவை பார்த்த பிள்ளை உங்களைத் தூங்கவிடாது. காட்டி முடித்ததும் காய்ந்த மண்ணில் ஊற்றிவிடுங்கள், சாக்கடையில் வேண்டாம்.

7. உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேலேயே பேனாவால் தேதி எழுதுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டில் 1 கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், மிக்சர், கடைப் பரோட்டா சால்னாவில் போகும் உப்பு இதில் வராது. அதையும் சேர்த்தால் 50 நாள்கூடக் குறைவுதான். எங்கள் வீட்டில் முதல் பாக்கெட் 29 நாளில் தீர்ந்தது. நம்பவே இல்லை, இட்லி மாவுக்குப் போட்டதை எண்ணிப் பார்த்த பிறகு நம்பினேன்.

எண்ணெய்க்கும் இதே வழி. பாட்டிலின் பக்கவாட்டில் மார்க்கரால் நான்கு கோடு போட்டு, ஒரு வாரத்துக்கு ஒரு கோடு. கோடு முந்திப் போனால் அந்த வாரம் வடை கிடையாது. யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை, பாட்டில் சொல்லிவிடும்.

8. தட்டில் பாதி காய், கீரை. மீதியில் ஒரு பங்கு சோறு, ஒரு பங்கு பருப்போ முட்டையோ மீனோ. இந்தத் தட்டுப் படத்தை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திலிருந்து பள்ளிப் புத்தகம் வரை எல்லோரும் போடுகிறார்கள். படமாக ஒட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள். பகுதி பிரித்த எவர்சில்வர் தட்டு வாங்கிவிடுங்கள், பெரிய குழியில் பொரியல், சின்னதில் சோறு. சீரக சம்பா பிரியாணி செய்யும் அன்று இந்தத் தட்டு அலமாரிக்குப் போய்விடும் என்பது எனக்கும் தெரியும். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு அதற்கு மேல் கேட்கக் கூடாது.

9. புகையிலை. இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். நம் ஊர் சுருட்டு வெள்ளைக்காரன் காலத்திலேயே கடல் கடந்து போனது. மெல்லும் புகையிலையை ஆராய வேடசந்தூரில் ஒரு நிலையமே இருக்கிறது. வயலில் பயிராகப் பார்த்து வளர்ந்தவர்களிடம் அது விஷம் என்று சொன்னால் எளிதில் ஏறாது.

பாக்கெட்டில் இன்றைக்கு 85 சதவீத இடம் எச்சரிக்கைப் படத்துக்கு. 2016 ஏப்ரல் 1 முதல் முன்னாலும் பின்னாலும் அப்படித்தான். தேளை எடுத்துவிட்டு அழுகிய வாயையும் தொண்டையையும் போட்டார்கள், படத்தையும் அவ்வப்போது மாற்றுகிறார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் நம் பெட்டிக்கடையில் நடப்பது என்ன? சிகரெட் ஒன்று, பீடி நான்கு என்று சில்லறையாக வாங்குகிறவர் பாக்கெட்டைக் கையால் தொடுவதே இல்லை. படம் கடைக்காரருக்குத்தான் தெரிகிறது! தாத்தாக்கள் வாங்கும் வெற்றுப் புகையிலை பழைய பேப்பரில் மடித்து வருகிறது. அதில் ஏது படம்?

ஆகவே படத்தை நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மாமா வெற்றிலைப் பெட்டி வைத்திருந்தால் அதன் மூடியின் உட்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டுங்கள். மாதம் ஒரு நாள் வெளிச்சத்தில் வாயைத் திறந்து கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், ஈறு பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண் இருந்தால் பல் டாக்டரிடம் போக வேண்டும். தன் கையின் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைக்க முடிகிறதா என்றும் பார்க்கலாம். வாய் அவ்வளவு திறக்கவில்லை என்றால் அதுவும் காட்ட வேண்டிய அறிகுறி. ஊரார் வாய்ப் படத்தைவிடத் தன் வாய்ப் படம் பேசும். கண்ணாடிக்குக் கீழே ஒரு நம்பர்: 1800-11-2356. விட நினைப்பவர்களுக்கான இலவச உதவி எண், 2018 செப்டம்பர் முதல் பாக்கெட்டிலேயே அச்சிடுகிறார்கள். சில்லறை வாங்குகிறவருக்கு அதுவும் போய்ச் சேர்வதில்லை என்பதால்தான் எழுதச் சொல்கிறேன்.

10. பயமுறுத்தும் படத்தை மட்டும் ஒட்டி நிறுத்தாதீர்கள். 1953-ல் அமெரிக்காவில் ஜேனிஸ், ஃபெஷ்பாக் என்ற இருவர் பள்ளி மாணவர்களுக்குப் பல் சுத்தம் பற்றி மூன்று விதமாகப் படம் காட்டிப் பேசினார்கள். அழுகிய ஈறு, சொத்தைப் பல் என்று அதிகம் மிரட்டிய குழுவைவிட, குறைவாக மிரட்டிய குழுதான் சொன்னதைச் செய்தது. 1965-ல் லெவன்தால் என்பவர் யேல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ரணஜன்னி தடுப்பூசி போடச் சொல்லிச் சிறு புத்தகம் கொடுத்தார். படித்தவர்கள் பயந்தார்கள், ஊசி போடப் போனவர்கள் 3 சதவீதம். அதே புத்தகத்தில் மருத்துவ மையம் எங்கே என்று வரைபடமும் நேரமும் சேர்த்ததும் 28 சதவீதம். கடைசி ஆண்டு மாணவர்களுக்கு அந்த மையம் இருக்கும் இடம் தெரியாதா என்ன? தெரியும். இருந்தாலும் வரைபடம்தான் காலை நகர்த்தியது.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். இடது பக்கம் ஒரு முகம், வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பக்கத்தில் தூக்கிய இரண்டு கைகளில் ஒன்று தொங்குவது. அதற்கடுத்து பேச்சுக் குழறுவதைக் காட்ட நெளிநெளியாக ஒரு கோடு. இது பக்கவாதம். வலது பக்கம் 108, அதன் கீழ் உங்கள் தெருவின் படம்: எந்தப் பிள்ளையார் கோயில் தாண்டித் திரும்ப வேண்டும், எந்த வேப்பமரம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். கை கால் விளங்காமல் போன நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அது. எலுமிச்சம்பழம் தேய்ப்பது, கையை நீவிவிடுவது எல்லாம் நேரத்தைத் தின்பவை.

11. பூச்சிமருந்து. நிலக்கோட்டை மல்லிகைக் காட்டுக்காரரும் ஒட்டன்சத்திரத்துக்குக் காய் ஏற்றுகிறவரும் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். மருந்து டப்பாவில் சாய்சதுரமாக ஒரு படம் இருக்கும். அதன் கீழ் முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு கொடிய விஷம், மஞ்சள் அதற்கடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்தது. பச்சையைப் பார்த்து இயற்கை மருந்து என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். குறைந்த விஷம் என்றுதான் அதற்குப் பொருள்.

இதைவிட முக்கியமான படம் ஒன்று உண்டு, அது தப்பான திசையில் வேலை செய்கிறது. மீந்த மருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி ஜன்னலில் வைப்பது. பாட்டிலில் ஆரஞ்சுப் பழப் படம். பிள்ளை படத்தைத்தான் படிக்கிறது, குடித்துவிடுகிறது. பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் எதுவானாலும் சாப்பாட்டுப் பாட்டிலுக்கு மாற்றாதீர்கள். வேறு வழியில்லாமல் மாற்றிய பாட்டில் இப்போது வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு அதை முதலில் அப்புறப்படுத்துங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், புளிக்கரைசல் வேண்டாம். 108-க்குச் சொல்லிவிட்டு, டப்பாவை லேபிளோடு கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் வைத்தியம் வேகமாக நடக்கும்.

12. மாத்திரை அட்டையின் இடது ஓரம் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. ஆன்டிபயாடிக் மாத்திரைகளைக் கண்டபடி விழுங்குவதைக் குறைக்க 2016-ல் மத்திய சுகாதாரத் துறை இந்தக் கோட்டைப் பற்றித் தனிப் பிரசாரமே செய்தது. பக்கத்து வீட்டு அக்கா "எனக்கு இதுலதான் காய்ச்சல் விட்டுச்சு" என்று நீட்டினால் முதலில் கோட்டைப் பாருங்கள்.

13. ஒரு லிட்டர் பாட்டிலை அளந்து கழுத்தில் கோடு போட்டு மருந்துப் பெட்டியோடு வையுங்கள். வயிற்றுப்போக்கு வந்த ராத்திரியில் அளவு தேடக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 1 லிட்டருக்கா 200 மில்லிக்கா என்று உறையில் பார்த்துக் கரையுங்கள், இரண்டுமே கடையில் கிடைக்கிறது. பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீருக்குச் சர்க்கரை தலைதட்டிய 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். பாட்டிலின் மேலேயே ஆறு ஸ்பூனும் அரை ஸ்பூனும் வரைந்துவிட்டால் மாற்றிப் போட மாட்டோம். உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான். அழகான பழப் படம் போட்ட டெட்ரா பேக் பானங்களை இதற்குப் பதிலாக வாங்கிக் கொடுக்காதீர்கள், சர்க்கரை அதிகம் இருந்தால் போக்கு இன்னும் கூடும்.

14. பால்வாடியில் பிள்ளையின் எடையைப் புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் அட்டை இருக்கும். கோடு பச்சையில் போகிறதா, மஞ்சளுக்கு இறங்குகிறதா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். ஒரு மாத எடையைவிடக் கோட்டின் போக்குதான் முக்கியம். மேல்கைச் சுற்றளவு பார்க்கும் வண்ண நாடாவும் உண்டு. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைக்கு 12.5 சென்டிமீட்டருக்கு மேல் பச்சை, 11.5-க்குக் கீழ் சிவப்பு. சிவப்பு என்றால் சாமிக்கு நேர்ந்துகொள்வதோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டும்.

போலியோ சொட்டு போட்டதும் இடது சுண்டுவிரலில் மை வைப்பார்களே, அதுவும் படம்தான். எந்தப் பிள்ளை விடுபட்டது என்று பஸ் ஸ்டாண்டில்கூட ஒரே பார்வையில் தெரியும். நாட்டில் இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளிக்கு நோய் தொடங்கியது 2011 ஜனவரி 13-ல். செவிலியர் அக்காவிடம் கேட்டால் தடுப்பூசிக் குப்பியில் உள்ள சின்ன வட்டத்தையும் காட்டுவார். நடுவில் உள்ள சதுரம் வெளிறி இருந்தால் மருந்து நல்லது. சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகிவிட்டால் சூடுபட்டுக் கெட்டது, போட மாட்டார்கள்.

15. சர்க்கரை உள்ளவர்கள் கட்டிலுக்கு அருகில் கைக்கண்ணாடி வையுங்கள். ராத்திரி செருப்பைக் கழற்றியதும் பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பார்ப்பது பழக்கமாகட்டும். உணர்ச்சி குறைந்த காலில் முள் ஏறினாலும் தெரியாது. அப்பத்தா காலில் ஒரு சின்ன ஆணி தைத்து இரண்டு நாள் இருந்தது, கண்ணாடிதான் காட்டிக் கொடுத்தது.

வெயில் காலத்துக்கு ஒன்று: கழிப்பறைக் கதவின் உட்பக்கம் மூன்று கட்டம் வரைந்து நிறம் தீட்டுங்கள். இளநீர் நிறம், கடலை எண்ணெய் நிறம், கருப்பட்டிக் காபி நிறம். சிறுநீர் முதலாவது என்றால் சரி. இரண்டாவது என்றால் ஒரு செம்பு தண்ணீர். தண்ணீர் குடித்தும் மூன்றாவதாகவே இருந்தால் டாக்டர். சித்தாள் வேலைக்குப் போகும் பெண்கள், கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீரே குடிப்பதில்லை. அவர்களுக்குப் படம் மட்டும் போதாது, வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை வேண்டும்.

16. மாடிப்படி முக்கில் எச்சில் துப்பாமல் இருக்க சாமி படம் போட்ட டைல்ஸ் பதிக்கும் வழக்கம் நம்மூரில் பிரபலம். பிள்ளையார், ஏசு, மெக்கா மூன்றும் வரிசையாக இருக்கும். வேலை செய்கிறது, மறுக்கவில்லை. துப்புகிறவர் சாமியைத் தாண்டி நாலு அடி தள்ளிப் போய்த் துப்புகிறார். டைல்ஸுக்குப் பக்கத்தில் மணல் போட்ட ஒரு வாளியும் வையுங்கள்.

17. எந்தப் படமும் ஒரு மாதத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தால் சுவராகிவிடும். தியேட்டரில் புகையிலை எச்சரிக்கைக் குறும்படம் 2012 அக்டோபர் 2 முதல் கட்டாயம். முதல் முறை பார்த்தபோது அரங்கமே அமைதியானது. இப்போது பிள்ளைகள் வசனத்தைக் கூடவே ஒப்பிக்கிறார்கள், பாப்கார்ன் வாங்க வெளியே போகும் நேரமாகவும் அது ஆகிவிட்டது. ஆகவே மாதம் பிறந்ததும் ஃப்ரிட்ஜ் தாளை இடம் மாற்றுங்கள், நிறத்தை மாற்றுங்கள், பிள்ளையை விட்டுப் புதிதாக வரையச் சொல்லுங்கள். மாத்திரை டப்பாப் படத்தை மட்டும் மாற்றாதீர்கள். எங்கள் வீட்டுச் சேவல் அழுக்கேறிப்போனதால் ஒரு தடவை அழகாகப் பிரின்ட் எடுத்து ஒட்டினேன். அப்பத்தா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம வீட்டுச் சேவல் இல்லையே, ரெண்டு காலுதான இருக்கு" என்றார். மாத்திரை போடவில்லை. பழையதையே ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிக் கொடுத்தேன்.

ஃப்ரிட்ஜ் கதவில் செலோ டேப் பிசின் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் நகத்தால் சுரண்ட வேண்டாம். கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டுத் துணியால் துடைத்தால் வந்துவிடும்.